குளத்துக்கு ஓரம் வேண்டும்



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் தன் வீட்டு மீன்தொட்டியைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். உள்ளே நீல நிறத்தில் ரெயின்போ மீன்கள். "சார், நம்மூர் மீனுக்கு ஏன் இந்த அழகு இல்லை?" என்று கேள்வி வேறு. பதில் கொஞ்சம் நீளம், அதனால் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

அவரிடம் இருப்பது குட்டை ரெயின்போ. நியூகினித் தீவின் வடக்கே, மாம்பெராமோ ஆற்றுப் படுகையில் மழைக்காட்டு ஓடைகள்தான் அதன் சொந்த ஊர். விஞ்ஞானிகள் அதற்குப் பெயர் வைத்தது 1922-இல். ஆணுக்கு மின்னும் நீல உடம்பு, சிவப்புத் துடுப்பு. அழகுதான், மறுக்கவில்லை.

ஆனால் நம்மிடமும் ஒன்று உண்டு. கேரளத்தில் அதை மானத்துக்கண்ணி என்பார்கள், வானத்தைப் பார்க்கும் கண்ணுடையது என்று பொருள். அறிவியல் பெயர் அப்லோகைலஸ் லினியேட்டஸ். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஓடை, குளம், வாய்க்கால், நெல்வயல் எங்கும் வாழக்கூடியது. விரல் நீளம் இருக்கும், மிஞ்சினால் 10 செ.மீ. முதுகு தட்டை, வாய் மேல்நோக்கி. நீர்மட்டத்தை ஒட்டியே நிற்கும். மேலிருந்து பார்த்தால் உச்சந்தலையில் ஒரு பொட்டு மினுங்கும். பக்கவாட்டில் பொன்னும் பச்சையுமாகச் செதில் வரிசை, பின்பாதியில் கறுப்புக் கோடுகள்.

சாயத்தொழில் தெரிந்த ஊர் என்பதால் இதையும் சொல்கிறேன். அந்த மினுக்கம் சாயம் அல்ல. தோலுக்குள் இருக்கும் மெல்லிய படிகங்கள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வருகிறது. வெயில் சாய்வாகப் படும்போது பார்த்தால்தான் முழு நிறமும் தெரியும். பத்தடி தள்ளி நின்று பார்த்தவருக்கு அது வெறும் பொடிமீன்.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். இந்த மீன் கொசுப்புழு தின்னும். அப்படியிருந்தும் கொசுவுக்காகப் பல ஊர்களில் விடுவது தென்னமெரிக்காவின் கப்பி மீனைத்தான். கப்பி குட்டி போடும், செடி எதுவும் தேவையில்லை, சாக்கடையிலும் பெருகும். 1952-இல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபி மீன் முட்டையை வாயிலேயே அடைகாக்கும். நம் மீனுக்கு அந்த வசதி இல்லை. முட்டையை நீர்ச்செடியில் ஒட்டவைக்கும், குஞ்சு வர ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அதுவரை அந்தச் செடி அங்கே இருக்க வேண்டும்.

அதாவது, அதற்கு வேண்டியது ஆழமான குளம் அல்ல. முழங்கால் அளவுத் தண்ணீரும் கோரையும் புல்லும் உள்ள கரையோரம்.

நொய்யல் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். பாசனத்துக்காக 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் இடமானது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதன்பிறகு கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரிக்கும் முறையில் எவ்வளவோ பணமும் உழைப்பும் போட்டிருக்கிறோம். உங்களில் பலர் ஞாயிற்றுக்கிழமை குளம் தூர்வாரப் போகிறீர்கள். அதைப் பார்க்க எனக்குப் பெருமை.

ஒரே ஒரு குறை. பொக்லைன் வந்ததும் கரை முழுக்கச் சுரண்டி, குளத்தைக் கிண்ணம் மாதிரி ஆக்கிவிடுகிறோம். சுற்றிலும் கல் பதித்து நடைபாதை போட்டுவிட்டால் படத்துக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தக் கிண்ணத்தில் கப்பியும் ஜிலேபியும் மட்டுமே தங்கும். தண்ணீர் திரும்பி வந்தது, குளம் திரும்பி வரவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். 2024-இல் நம் நஞ்சராயன் குளம் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது எல்லோரும் கொண்டாடினோம். நீண்ட கால் பறவைகள் இரை தேடுவதும் இதே ஆழமில்லாத ஓரத்தில்தான்.

ஆகாயத்தாமரையை எடுங்கள், சீமைக்கருவேலத்தை வெட்டுங்கள், நடுவில் வேண்டிய அளவு ஆழப்படுத்துங்கள். மழைத்தண்ணீர் நிற்க அது தேவை என்று விவசாயிகள் சொல்வது நியாயம். ஆனால் ஒரு பக்கக் கரையையாவது சாய்வாக, புல்லும் கோரையுமாக விட்டுவையுங்கள். அழுக்கு என்று யாராவது சொன்னால், மீன் முட்டையிடும் இடம் என்று சொல்லுங்கள். தொட்டி மீன் பெருகிவிட்டால் நண்பருக்குக் கொடுங்கள், குளத்தில் மட்டும் கொட்டாதீர்கள்.

அடுத்த முறை வாய்க்கால் ஓரம் போனால், பேரன் பேத்தியைக் கூட்டிப்போய் கொஞ்ச நேரம் அசையாமல் நின்று பாருங்கள். தலையில் பொட்டு மினுங்கினால் அந்த இடத்தின் பெயரையும், உங்கள் ஊரில் அந்த மீனை எப்படிக் கூப்பிடுவார்கள் என்பதையும் கீழே எழுதுங்கள். அவிநாசிக்கு ஒரு பெயர், தாராபுரத்துக்கு ஒரு பெயர் இருக்கலாம். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வைக்கிறேன்.