குதிரைக்கா, ஆட்டுக்கா?

சென்னையிலிருந்து பெங்களூர்ச் சாலையில் சுமார் நாற்பது கிலோமீட்டர் போனால் ஸ்ரீபெரும்புதூர் வருகிறது. ஒரு காலத்தில் அந்த ஊரின் பெயரைக் கேட்டதும் ஸ்ரீ ராமானுஜர் அவதரித்த தலம் என்பதுதான் ஞாபகம் வரும். இப்போது மோட்டார் காரும் சேர்ந்து ஞாபகம் வருகிறது. 1996-இல் கொரியாவின் ஹூண்டாய்க் கம்பெனி பக்கத்திலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் கால் ஊன்றியது. 1998-இல் அங்கிருந்து சான்ட்ரோ கார் வெளிவந்தது. 2010-இல் பிரெஞ்சு ரெனோவும் ஜப்பானிய நிஸ்ஸானும் கூட்டாக ஒரகடத்தில் ஆலை திறந்தன. ஏரியும் வயலுமாக இருந்த பூமியில் இன்று நாலைந்து தேசத்துப் பாஷைகள் காதில் விழுகின்றன.

வெளிதேசத்து மனிதரும் நம் கிராமத்து ஜனங்களும் ஒருவரையொருவர் தப்பாகப் புரிந்துகொள்வதை வைத்து நாவல் எழுத ஆசைப்படுகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஆனால், அப்படிப்பட்ட நாவலின் சாரத்தை வெகு காலத்துக்கு முன்பே ஒரு சிறு கதைக்குள் அடக்கிவிட்டார், 1906-இல் சென்னையில் பிறந்து ஆங்கிலத்தில் எழுதிய ஆர்.கே. நாராயண். 'ஒரு குதிரையும் இரண்டு ஆடுகளும்' என்று தமிழில் சொல்லலாம். 1970-இல் அதே தலைப்பில் ஒரு கதைத் தொகுதி வெளியாயிற்று.

கதை இதுதான். ஒரு குக்கிராமம். அங்கே முனி என்ற ஏழைக் கிழவன். ஒரு காலத்தில் பெரிய மந்தை வைத்திருந்தவனுக்கு இப்போது மிச்சம் இரண்டே ஆடுகள். ஊர் எல்லையில், ஐயனார் கோயில்களில் நாம் பார்ப்பதைப் போன்ற ஒரு மண் குதிரை. அதன் நிழலில் அவன் உட்கார்ந்திருக்கும்போது பெட்ரோல் தீர்ந்துபோன காரிலிருந்து ஓர் அமெரிக்கர் இறங்குகிறார். காக்கி உடையைப் பார்த்ததும் போலீஸ்காரர் என்று கிழவனுக்கு உதறல். அவர் ஆங்கிலத்தில் பேசுகிறார். இவன் தமிழில் பேசுகிறான். வெகு நேரம் அமோகமாகச் சம்பாஷணை நடக்கிறது! குதிரை கிழவனுடையது என்று அமெரிக்கர் நினைத்துக்கொண்டு நூறு ரூபாய் நீட்டுகிறார். தன் ஆடுகளுக்குத்தான் விலை என்று கிழவன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடுகிறான். அமெரிக்கர் ஆள் பிடித்துக் குதிரையைப் பெயர்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார்.

இது பாஷை தெரியாததால் வந்த வினை என்று சொல்லிவிடலாம். எனக்கென்னவோ அப்படித் தோன்றவில்லை. பாஷை இல்லாவிட்டால் என்ன, கையில்லையா? ஆட்டைத் தொட்டுக் காட்டி, "இதற்கா?" என்று ஜாடையில் கேட்டிருக்கலாமே! இருவரும் கேட்கவில்லை. தமக்கு வேண்டியது கிடைத்துவிட்டதென்று இருவருக்கும் பரம திருப்தி. தகராறு வந்திருந்தால் விஷயம் அங்கேயே வெளிச்சமாகியிருக்கும். திருப்தி அல்லவா அதை மூடிவிட்டது?

கதையில் கேள்வி கேட்பவள் ஒருத்திதான்: முனியின் மனைவி. இத்தனை பணம் ஏது, எங்கே திருடினாய் என்று அவனை உலுக்குகிறாள். அதற்குள் விற்றுப்போனதாக அவன் நினைத்த ஆடுகள் இரண்டும் வாசலில் வந்து கத்துகின்றன. அவளுடைய ஊகம் தப்பு. ஆனால் கேள்வி சரியான கேள்வி.

அந்தக் கேள்வி ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக்கும் வேண்டியிருக்கிறது. கொரியக் குழந்தை தகப்பனாரை 'அப்பா' என்றே கூப்பிடுகிறது. தாயாரை ஏறக்குறைய 'அம்மா' என்கிறது. ஹல்பர்ட் என்ற அமெரிக்கப் பாதிரியார் 1905-லேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டுப் புத்தகம் போட்டுவிட்டார். இரண்டும் ஒரே குடும்பம் என்று இன்றைய மொழியறிஞர்கள் ஒப்புவதில்லை. வீட்டுக்குள் செருப்பைக் கழற்றுவதும் இரு தேசத்துக்கும் பொது வழக்கம். ஆனால், 'அப்பா' ஒன்றாக இருப்பதால் 'ஆகட்டும்' என்பதும் ஒன்றாகிவிடுமா? நாம் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால் சம்மதம். அவர்களுக்கோ அது மறுப்பாகத் தோன்றும்.

தலையாட்டலாவது சிரிப்போடு போய்விடும். 2024 ஜூன் மாதம் ராய்ட்டர் நிறுவனம் ஒரு செய்தி வெளியிட்டது. ஸ்ரீபெரும்புதூர் அருகே ஐபோன் தயாரிக்கும் தைவான் நாட்டு பாக்ஸ்கான் ஆலையில், கலியாணமான பெண்களை வேலைக்கு எடுக்காமல் திருப்பி அனுப்புவதாக அதில் சொல்லப்பட்டிருந்தது. குடும்பப் பொறுப்பும் பிரசவமும் காரணங்கள். தாலியும் மெட்டியும்கூட ஒரு காரணம் என்று அந்தச் செய்தி சொல்லிற்று. கம்பெனி குற்றச்சாட்டை மறுத்தது. மத்திய அரசு, மாநில அரசிடம் அறிக்கை கேட்டது.

உண்மை எந்த அளவானாலும் ஒன்று நிச்சயம். ஆலையின் சோதனை வாசலுக்குத் தாலி ஓர் உலோகத் துண்டு. அதை அணிந்தவளுக்கோ அது வேறு. ஆனால், வேலை நேரத்தில் என்ன செய்யலாம் என்று அவளையே கேட்டால், நாலு வழி அவளே சொல்லியிருப்பாள். மஞ்சள் சரடு முதல் பாதுகாப்புப் பெட்டி வரை பெண்களுக்குத் தெரியாத உபாயமா? கேட்காமலே தீர்மானிப்பதுதான் குதிரையைப் பெயர்க்கிற காரியம்.

நம் பக்கத்திலும் ஒன்று உண்டு. வீட்டுப் பெண்ணுக்கு அங்கே வேலை கிடைத்ததும், "சம்பளம் எவ்வளவு?" என்று கேட்கிறோம். நூறு ரூபாய் நோட்டைப் பார்த்த முனி மாதிரி அதோடு பூரித்துப் போய்விடுகிறோம். எத்தனை மணி நேரம், ராத்திரி ஷிப்ட் உண்டா, விடுதியில் சாப்பாடு எப்படி, என்னென்ன பிடித்தம், நிரந்தர வேலையா, கான்டிராக்டா? கையெழுத்துப் போடுமுன் இவற்றைக் கேட்க வேண்டாமா? கடிதம் ஆங்கிலத்தில் இருந்தால் தெரிந்தவரிடம் கொடுத்து வரிக்கு வரி படிக்கச் சொல்லுங்கள். முனியின் மனைவி பணம் வந்த பிறகு கேட்டாள். நாம் முன்னாலேயே கேட்டுவிடலாமே!