ஒரு சொல், இரு பணிமனைகள்

'வலயம்' என்னும் சொல் இலங்கை அரச நிர்வாகத் தமிழில் இரண்டு மேசைகளில் புழங்குகிறது. கல்விப் பகுதியினருக்கு வலயம் என்றால் வலயக் கல்விப் பணிமனை. ஆசிரியர் இடமாற்றமும் அதிபர் கூட்டமும் அங்கே நடக்கும். நகர அபிவிருத்தி அதிகார சபையினருக்கோ வலயம் என்பது வரைபடத்தில் நிறம் தீட்டிய ஒரு துண்டு நிலம். இது குடியிருப்பு, இது கைத்தொழில், இது உல்லாசப் பயணத்துறை என்று அங்கே பிரிப்பார்கள். புத்தளம் கடற்கரையில் இந்த இரண்டு வலயங்களும் ஒரே மண்ணின் மீதுதான் கிடக்கின்றன. ஆயின் இரண்டு மேசைகளும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டதை, பத்திரிகைத் தொழிலில் இருந்த இத்தனை ஆண்டுகளில் நான் கண்டதில்லை.

ஒரு நிலத்துண்டின் நிறம் மாறும்போது, அதன் விளிம்பில் இருக்கும் பாடசாலையைக் கேட்க வேண்டுமா? கேட்க வேண்டும் என்பதே என் கட்சி. கேட்காமல் விட்டதன் விளைவைக் கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரை நாம் சுமந்துகொண்டிருக்கிறோம்.

1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 70,000 பேரின் வாழ்விடம் சில நாட்களுக்குள் பறிபோனது. அவர்களிற் பெரும்பாலோர் வந்து தங்கியது புத்தளம் மாவட்டத்தில்: கற்பிட்டி, ஆலங்குடா, தில்லையடி, பாலாவி. முகாம் என்று நாம் எழுதியவை யாவும் கிடுகுக் கொட்டில்கள். அந்தக் கொட்டில்களிலிருந்து முதலில் வெளியே வந்த கேள்வி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எங்கே என்பதுதான். உள்ளூர்ப் பாடசாலைகள் காலையில் தம் பிள்ளைகளுக்கும் மாலையில் வந்த பிள்ளைகளுக்கும் கதவைத் திறந்தன. அந்தப் பெருந்தன்மையை இன்று நினைத்தாலும் மனம் நெகிழ்கிறது. அகதி என்று வந்தவரைத் தம் வளவிலேயே குடியேற்றிய தோட்டக்காரர்கள் அந்த மண்ணில் இருந்தார்கள்.

ஆனால் பெருந்தன்மைக்கு ஓர் எல்லை உண்டு. ஒரே கிணறு, ஒரே மருத்துவமனை, ஒரே வகுப்பறை என்று ஆண்டுகள் நீண்டபோது மனக்கசப்பும் வளர்ந்தது. இந்நாட்டில் பல்கலைக்கழக அனுமதி மாவட்ட ஒதுக்கீட்டோடு கட்டுண்டது. வந்தவர்களின் பிள்ளைகள் நம் பங்கை எடுத்துக்கொள்வார்களோ என்று உள்ளூர்ப் பெற்றோர் அஞ்சினார்கள். அந்த அச்சத்தை நான் குறை கூறமாட்டேன். எருக்கலம்பிட்டியைச் சேர்ந்தவரும் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் புவியியற் பேராசிரியருமான எஸ்.எச். ஹஸ்புல்லாஹ், 2018இல் மறையும் வரை இந்த மக்களின் கதையை ஆவணப்படுத்தி வந்தார். வந்தவரும் இருந்தவரும் எப்படி ஒரு மண்ணைப் பங்கிட்டார்கள் என்று அறிய விரும்புவோர் அவருடைய எழுத்துகளைத் தேடிப் படிக்க வேண்டும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தற்காலிகம் என்று சொல்லப்பட்ட அந்தக் குடியிருப்புகள் பத்து, இருபது ஆண்டுகளில் ஊர்களாயின. காணி வாங்கினார்கள், கல்வீடு கட்டினார்கள். உலக வங்கியின் உதவியோடு 2007இல் ஒரு வீடமைப்புத் திட்டமே வந்தது. ஓர் இடத்தில் இத்தனை வீடுகள் எழுந்தால் இத்தனை பிள்ளைகள் முதலாம் ஆண்டுக்கு வருவார்கள் என்பது பெரிய கணக்கல்ல. ஆனால் காகிதத்திலோ பலர் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும்தான் பதிவாகியிருந்தார்கள். வாக்கும் அங்கேதான். 2019 நவம்பர் 16ஆம் திகதி சனாதிபதித் தேர்தலுக்காகப் புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்காளர்களை ஏற்றிச் சென்ற பஸ் தொடரணி மீது தந்திரிமலையில் துப்பாக்கிச் சூடு நடந்தது வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். வெளியேற்றம் நடந்து 29 ஆண்டுகள் கழிந்தும் ஒரு சமூகம் ஓரிடத்தில் உறங்கி, இன்னோரிடத்தில் வாக்களித்துக்கொண்டிருந்தது. அப்படிப்பட்டவர்களை எந்த வரைபடம் எண்ணும்?

பெற்றோர் உண்மையில் அறிந்த வலயம் ஒன்றே ஒன்று. அது முதலாம் ஆண்டு அனுமதிச் சுற்றுநிருபம். அரச பாடசாலையில் பெரும்பங்கு இடம் அண்மையில் வசிப்போருக்கு என்கிறது அது. வசிப்பதை நிறுவ வாக்காளர் இடாப்பு வேண்டும், காணி உறுதி வேண்டும். இடையில் வேறு பாடசாலை இருந்தால் புள்ளி குறையும். இடாப்பு மன்னாரில், உறுதி யாரோ ஒருவர் பெயரில், பிள்ளை மட்டும் பாலாவியில் என்றால் புள்ளி எங்கிருந்து வரும்? சட்டத்தில் ஓட்டை இல்லை. வீடு கட்ட அனுமதித்தவரும் பிள்ளையைச் சேர்க்க மறுத்தவரும் தத்தம் விதிப்படியே நடந்தார்கள்.

இடம்பெயர்ந்தோர் விடயம் போர்க்கால விதிவிலக்கு என்று யாரேனும் சொல்லலாம். அப்படியானால் நுரைச்சோலையைப் பாருங்கள். மூன்று அலகுகள், 900 மெகாவாற்று. முதல் அலகு 2011இலும் முழுத் திட்டம் 2014இலும் இயங்கத் தொடங்கின. தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்துக்கு அருகே அனல்மின் நிலையமா என்று கத்தோலிக்க மக்கள் 1990களிலேயே எதிர்த்தார்கள். மீனவரும் தோட்டக்காரரும் எதிர்த்தார்கள். தென்மேற்குப் பருவத்தில் கடல் கொந்தளிப்பதால் கப்பலிலிருந்து நிலக்கரி இறக்க முடியாது. அக்காலத்துக்கு வேண்டியதை முன்கூட்டியே முற்றத்தில் மலையாகக் குவித்து வைக்கிறார்கள். காற்றுப் பலமாக அடிப்பதும் அதே பருவத்தில்தான். கரித்தூசி எங்கே போகும் என்பதற்குப் பொறியியற் பட்டம் தேவையில்லை, கற்பிட்டிக் காற்றை அறிந்த ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். சுற்றியுள்ள கிராமத்தார் தூசியையும் சாம்பலையும் பற்றி முறையிட்டு, காற்றுத் தடுப்பு வேலி பின்னரே வந்தது.

அடுத்தது அறுவாக்காடு. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு தினத்தன்று, கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதன் பின் தலைநகரின் குப்பை சுமார் 170 கிலோமீற்றர் தொலைவிலுள்ள வண்ணாத்திவில்லுப் பகுதிக்கு, வில்பத்துக் காட்டின் ஓரத்தில் சீமெந்துக்காகச் சுண்ணக்கல் அகழ்ந்த குழிகளுக்குக் கொண்டுவரப்படும் என்றார்கள். 2018 செப்ரெம்பரில் புத்தளம் நகரில் தொடங்கிய சத்தியாக்கிரகம் மாதக் கணக்கில் நீடித்தது. முஸ்லிம், தமிழர், சிங்களவர் ஒரே பந்தலில் அமர்ந்த அரிய போராட்டம் அது. இருந்தும் 2019 ஓகஸ்டில் குப்பை வந்து சேர்ந்தது. சுற்றாடல் மதிப்பீட்டு அறிக்கையை 30 வேலை நாட்கள் மக்கள் பார்வைக்கு வைக்கும் நடைமுறை இந்நாட்டில் உண்டு. நகர அபிவிருத்தித் திட்டத்துக்கும் அதுபோல் கால எல்லை உண்டு. வர்த்தமானியைத் தேடிப் படித்து, தடித்த தொழில்நுட்ப அறிக்கையை விளங்கி, உரிய காலத்துள் எழுத்தில் ஆட்சேபம் அனுப்புவது ஒரு மீனவக் குடும்பத்தால் இயலுமா? ஆசிரியர்கள் நிறைந்த ஒரு பாடசாலையால் இயலும். ஆனால் அதற்கு எவரும் பிரதி அனுப்புவதில்லை.

பாடசாலைக்கு அபிவிருத்திச் சங்கம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. பெற்றோரும் ஆசிரியரும் பழைய மாணவரும் அதில் உண்டு. சுவருக்கு வெள்ளையடிப்பதும் விளையாட்டுப் போட்டிக்குப் பணம் திரட்டுவதும் அதன் வேலை என்றாகிவிட்டது. தலைவர் பதவி வழியாக அதிபரே. அதிபர் அரச ஊழியர், தாபன விதிக்கோவைக்குக் கட்டுப்பட்டவர். அரசின் திட்டத்துக்கு எதிராக அவர் கையொப்பமிட்டு எழுதினால் அடுத்த இடமாற்றப் பட்டியலில் தம் பெயரைத் தேட வேண்டிவரும். அவரை நோவதில் பயனில்லை.

எப்போதும் இப்படி இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிரித்தானியர் காலத்தில் 1906இன் நகரப் பாடசாலைகள் கட்டளைச் சட்டமும் 1907இன் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டமும் பாடசாலைப் பொறுப்பை உள்ளூர்ச் சபைகளோடும் மாவட்டப் பாடசாலைக் குழுக்களோடும் பிணைத்தன. அது குடியாட்சி அன்று, அரசாங்க அதிபரின் நிழல் எங்கும் விழுந்தது. ஆயினும் வீதிக்கும் பள்ளிக்கும் ஒரே சபையில் கணக்குப் பார்க்கலாம் என்ற எண்ணமாவது அதில் இருந்தது. பின்னர் கல்வி மேலே மேலே போயிற்று. 1960-61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் மாகாணத்துக்குக் கொஞ்சம் இறக்கித் தந்தது. வடமேல் மாகாண சபையின் காலமோ 2018 ஒக்ரோபரில் முடிந்துபோனது.

மேலிடத் தீர்மானம் ஒன்று இந்தக் கரையை என்ன செய்யும் என்பதற்குப் பழைய சாட்சி உண்டு. சிலாபத்துக்குத் தெற்கேயுள்ள கத்தோலிக்க ஊர்களில் தமிழ் பேசிய குடும்பங்கள் ஏராளம். ஆயர் எட்மண்ட் பீரிசின் காலத்தில் கத்தோலிக்கப் பாடசாலைகளின் கற்பித்தல் மொழி சிங்களமாயிற்று. இரண்டு தலைமுறையில் ஊர்களின் மொழியே மாறியது. பாட்டி தமிழிலும் பேரன் சிங்களத்திலும் பேசிக்கொள்ளும் வீடுகளை நான் கண்டிருக்கிறேன். சரியா பிழையா என்று இங்கே தீர்ப்பு எழுதவில்லை. பாடசாலையைத் தொட்டால் ஊரைத் தொட்டதாகும் என்பதை அந்த வீடுகள் காட்டுகின்றன. உடப்பில் தமிழ்ப் பாடசாலை நிலைத்தது, அந்த ஊரில் தமிழும் நிலைத்தது.

கனடாவில் வாழும் வாசகர்களுக்கு நான் சொல்வது வியப்பாக இராது. ஒன்ராறியோவில் நிலப் பயன்பாட்டை மாற்றும் திட்டம் வந்தால் பாடசாலைச் சபைக்கு அறிவித்தல் போகும். புதிதாகப் பள்ளிக் காணி தேவைப்படும் சபைகள் கட்டட நிறுவனங்களிடமிருந்து கல்வி அபிவிருத்திக் கட்டணம் பெறலாம். ரொறன்ரோவில் மாடிமனைகள் எழும் இடங்களில், இங்கே குடிவரும் பிள்ளைகளுக்கு அருகிலுள்ள பள்ளியில் இடம் கிடைக்காமற் போகலாம் என்று பாடசாலைச் சபையே பலகை நட்டிருப்பதைப் பலரும் கண்டிருப்பீர்கள். வீடு விற்பவருக்கு அது கசப்பு, வாங்குபவருக்கு உண்மை. நீதன் ஷான் 2006இலும் யுவனிதா நாதன் 2010இலும் யோர்க் பிராந்தியப் பாடசாலைச் சபைக்குத் தெரிவானபோது நம் பத்திரிகைகள் முதற்பக்கத்தில் மகிழ்ந்தன. அந்தச் சபைக்கு என்ன அதிகாரம் என்று எழுதினோமா என்பது வேறு கதை. அங்கும் எல்லாம் பொன்னல்ல. 2025 யூனில் ரொறன்ரோ உட்படச் சில சபைகளை மாகாண அரசு தன் மேற்பார்வையாளரின் கீழ்க் கொண்டுவந்தது.

நான் கேட்பது அவ்வளவு பெரிதன்று. மறுக்கும் அதிகாரமும் வேண்டாம், வரி அறவிடும் அதிகாரமும் வேண்டாம். ஒரு பாடசாலையின் அண்மையில் நிலப் பயன்பாடு மாறுமானால், திட்ட வரைவின் பிரதி தமிழிலும் சிங்களத்திலும் அதன் அபிவிருத்திச் சங்கத்துக்குப் பதிவுத் தபாலில் வர வேண்டும். பதிலில் அதிபரின் கையொப்பம் தேவையில்லை, பெற்றோர் பிரதிநிதி இருவர் கையொப்பம் போதும் என்று சுற்றுநிருபம் சொல்ல வேண்டும். அந்தப் பதிலை ஏற்றாலும் தள்ளினாலும் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். எத்தனை பிள்ளைகள் வருவார்கள், எந்தக் காற்று எந்தப் பக்கம் அடிக்கும், மழைக்கு எந்த வீதி மூழ்கும் என்பவற்றை அந்தச் சங்கத்தை விட நன்றாக எந்தப் பணிமனை அறியும்? 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி சிலாபத்தை வெள்ளத்தில் ஆழ்த்தியதை அறிவோம். வெள்ளம் வந்தால் தங்குமிடம், தேர்தல் வந்தால் வாக்குச் சாவடி, போர் வந்தால் அகதி முகாம் என்று அரசு தன் தேவைக்கெல்லாம் பாடசாலையின் கதவைத்தான் தட்டுகிறது.

சட்டம் திருந்தும் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தக் குடிமகனும், எந்தப் பெற்றோரும், தம் பாடசாலையைச் சுற்றியுள்ள நிலத்துக்கு என்ன நிறம் தீட்டப்பட்டுள்ளது என்று கேட்கலாம். விண்ணப்பம் கிடைத்து 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று தகவல் அலுவலர் தீர்மானித்தாக வேண்டும். கற்பிட்டியிலோ உடப்பிலோ ஒரு பெற்றோர் அந்த விண்ணப்பத்தை எழுதி, கிடைத்த பதிலை எனக்கும் அனுப்பிவைத்தால், இதே பக்கத்தில் முழுமையாக வெளியிடுவேன்.