மலையேறாத மேடை

கொழும்பில் 2024 ஜனவரி 27, 28ஆந் திகதிகளில் இளையராஜாவின் இசை நிகழ்ச்சி நடைபெறவிருந்தது. அதைக் காண, ஹட்டனை அடுத்த தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவர் மாதக்கணக்கில் பணம் சேர்த்திருந்தார். அப்போது நாட்சம்பளம் 1000 ரூபாய். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பெயர்தான். கொழும்புக்குப் போய்வரும் நாட்களுக்கோ அதுவும் இல்லை.

25ஆந் திகதி ராஜாவின் மகள் பவதாரிணி காலமானார். நிகழ்ச்சி ஏப்ரலுக்குத் தள்ளிப்போயிற்று. “பிள்ளையைப் பறிகொடுத்த மனுசனிடம் பாட்டா கேட்பது?” என்றார் அந்த அம்மா. ஏப்ரலில் அவர் போகவில்லை. சேர்த்த காசு புத்தாண்டுச் செலவில் கரைந்திருந்தது.

2023 அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் சந்தோஷ் நாராயணன் இலவசமாகவே பாடவைத்தார். ஹட்டன் டன்பார் மைதானத்தில் அரசியல்வாதிகளுக்கு மேடை போட முடிகிறது. ஏற்பாட்டாளர்களே, ஒரு மாலைப்பொழுது பாட்டுக்காரர்களுக்குப் போட்டால் என்ன?