வேரைக் காட்டிப் பொருள் சொல்வோர்

மேடை ஏறுவோர் சிலரை ஒரு பழக்கம் பற்றிக்கொண்டிருக்கிறது. ஓர் ஆங்கிலச் சொல்லை எடுப்பர். அதன் வேர் இன்னது என்பர். ‘ஆகவே இதன் உண்மைப் பொருள் இதுவே’ என முடித்துவிடுவர். அவையும் கைதட்டும். மறையுரைகளும் இதற்கு விலக்கல்ல. இம்முறையை நாம் ஏற்பதற்கில்லை.

‘லெட்’ என்னும் எளிய வினையையே பார்ப்போம். விடு, இசைவு தா என்பது பொருள். ‘டு-லெட்’ பலகையை அறியாதார் யார்? நாமும் வீட்டை வாடகைக்கு ‘விடு’கிறோம். ஆனால் 1611-இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில், தெசலோனிக்கருக்கு எழுதப்பட்ட இரண்டாம் திருமுகத்தில், தீமையைத் தடுத்து நிறுத்துபவரைப் பற்றிச் சொல்லுமிடத்தில் இதே வினை ‘தடு’ என்னும் பொருளில் நிற்கிறது. இன்றைய பொருளோடு படிப்பவர், தடுப்பவரையே தீமைக்கு இடங்கொடுப்பவராக ஆக்கிவிடுவார். கத்தோலிக்கர் 1582-இல் ரேம்ஸ் நகரில் வெளியிட்ட ஆங்கிலப் புதிய ஏற்பாடோ, பிடித்து நிறுத்துதலைக் குறிக்கும் ‘ஹோல்ட்’ என்னும் வினையையே அங்கு ஆண்டது. கிரேக்க மூலமும் அதுவே.

ஒரே சொல் தலைகீழாக மாறிவிட்டது என வியப்போர் உண்டு. அதுவும் பிழை. பழைய ஆங்கிலத்தில் அவை இரு வினைகள்: நெடிலாக ஒலித்த ‘லேட்டன்’ விடுதல், குறிலாக ஒலித்த ‘லெட்டன்’ தடுத்தல், தாமதப்படுத்துதல். நாம் அன்றாடம் சொல்லும் ‘லேட்’ பின்னதற்கு உறவு. ஈறுகள் தேய்ந்து இரண்டும் ஒரே வடிவாயின. விடு, தடு இரண்டையும் ஒரு சொல் எத்தனை நாள் சுமக்கும்? தடுத்தற் பொருள் ஒதுங்கியது. டென்னிசில் பந்து வலையை உரசி விழுந்தால் மீண்டும் அடிக்கச் சொல்லும் ‘லெட்’டிலும், தடையின்றிச் செல்லவிடுமாறு நம் கடவுச்சீட்டில் அச்சிட்டுள்ள வேண்டுகோளிலும் மட்டும் அது உயிரோடிருக்கிறது.

இவ்விரு வினைகளும் ‘தளர்தல்’ என்னும் மிகப் பழைய ஒரே வேரில் கிளைத்தவை என்பாரும் உளர். இருக்கட்டும். அந்தத் தளர்ச்சியைக் கொண்டு எந்த வாக்கியத்துக்குப் பொருள் காண்பது? வேர் வரலாற்றைச் சொல்லும். பொருளை வழக்கும் இடமுமே சொல்லும்.

ஒளியைப் படைக்கும் இறைவார்த்தை ஆங்கிலத்தில் ‘லெட்’டோடுதான் தொடங்குகிறது. ‘கடவுள் ஆணையிடவில்லை, இசைவு மட்டுமே தந்தார்’ என ஒருவர் வேரைப் பிடித்து மறையுரையாற்றினால் என்னாவது? எபிரேயத்தில் அங்கு இசைவு தரும் வினையே இல்லை. இருத்தலைக் குறிக்கும் வினைதான் உண்டு. நம் வியங்கோள் விகுதி ‘க’ செய்யும் வேலையை ஆங்கிலம் தனிச்சொல் வைத்துச் செய்கிறது, அவ்வளவே. திருப்பலியில் இலத்தீன் ‘ஒரேமுஸ்’ என்றது. நாம் ‘மன்றாடுவோம்’ என்கிறோம். ஆங்கிலத்தில் மட்டும் முன்னே ‘லெட்’ வருகிறது. அங்கு யார் யாரை விடுகிறார்?