முதல்நாள் இரவே ஊறவைத்தவள் யார்?

தயாரிப்பு நேரம் 15 நிமிடம். இரவே செய்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால் காலையில் ஓவனில் தள்ளுவது மட்டும்தான் வேலை. விருந்தாளிகளோடு நீங்களும் நிம்மதியாக உட்காரலாம். பிரெஞ்ச் டோஸ்ட் கேசரோல் என்ற பண்டத்துக்குச் செய்முறை எழுதும் அமெரிக்கர்கள் ஏறக்குறைய எல்லோரும் தரும் வாக்குறுதி இது. நானும் நம்பினேன். நியூஜெர்சியில் ஆறு வருடம், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது, இதைச் செய்து மேசையில் வைத்திருக்கிறேன். அந்த வாக்குறுதி பொய் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பண்டத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நம்மூரில் பாம்பே டோஸ்ட் என்று ஒன்று செய்வோமே, அதன் உறவுக்காரி இது. பாம்பே டோஸ்ட்டை ஒவ்வொரு துண்டாகக் கல்லில் போட்டுத் திருப்ப வேண்டும். தோசை மாதிரிதான், எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும்வரை சுடுகிறவள் நகர முடியாது. கேசரோலில் அந்தத் தொல்லை இல்லை. ஒரு பெரிய ரொட்டியைத் துண்டு துண்டாக வெட்டி, வெண்ணெய் தடவிய கண்ணாடித் தட்டில் பரப்பி, எட்டு முட்டை, மூன்று கப் பாலும் க்ரீமும், சர்க்கரை, பட்டைத்தூள், வெனிலா எல்லாம் அடித்து மேலே ஊற்றி, மூடி, இரவு முழுக்க ஊறவைக்க வேண்டும். காலையில் வெண்ணெயும் பழுப்புச் சர்க்கரையும் பெக்கான் பருப்பும் கலந்து தூவி, 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். மேலே மொறுமொறுப்பு, உள்ளே கடைந்த கஸ்டர்ட் போல மென்மை. ருசியில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

குறை கணக்கில்தான். ஒருமுறை, எனக்கே ஒரு பிடிவாதம் வந்து, நேரத்தைக் குறித்து வைத்தேன். வியாழக்கிழமை: யார் யார் வருகிறார்கள், யார் முட்டை சாப்பிடமாட்டார்கள், எந்தக் குழந்தைக்குக் கொட்டைப்பருப்பு ஒவ்வாது என்று கேட்டுத் தெரிந்துகொண்டது 20 நிமிடம். வெள்ளிக்கிழமை கடைக்குப் போய் வந்தது 45. சனிக்கிழமை இரவு வெட்டி, அடித்து, ஊற்றி, மூடி, பாத்திரம் கழுவியது 40. ஞாயிறு காலை ஆறரைக்கு எழுந்து, சில்லிட்ட கண்ணாடித் தட்டு சூட்டில் விரிசல் விடக்கூடாது என்று முன்கூட்டியே வெளியே எடுத்து வைத்து, ஓவனைச் சூடாக்கி, பழம் நறுக்கி, காபி போட்டு, மேசை அடுக்கியது 75. எல்லோரும் போன பிறகு தட்டின் ஓரத்தில் கருகி ஒட்டிய சர்க்கரையை ஊறவைத்துச் சுரண்டியதும் மற்ற பாத்திரங்களும் 50. மொத்தம் 230 நிமிடம். புத்தகத்தில் 15.

அன்று வந்திருந்த ஒரு தங்கை, வயதில் சின்னவள், "அக்கா, எப்படிக்கா இவ்வளவு ஈஸியாப் பண்றீங்க?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் என் கணவர் சொன்னார்: "அவளுக்கென்ன, ராத்திரியே பண்ணி வெச்சிருவா. காலையில ஓவன் பாத்துக்கும்."

அவர் கெட்டவர் இல்லை. அவர் பார்த்ததைச் சொன்னார். அவர் எழுந்து வரும்போது ஓவன் எரிந்துகொண்டிருந்தது, வீடு முழுக்கப் பட்டை வாசம். நான் நைட்டியை மாற்றிக்கொண்டு நல்ல உடையில் நின்றிருந்தேன். வேலை என்று எதுவும் கண்ணில் படவில்லை. கண்ணில் படாமல் இருப்பதுதான் இந்தப் பண்டத்தின் முழு நோக்கமும்.

ரொட்டியையும் பாலையும் சேர்ப்பது பழைய புத்தி. அபீசியஸ் என்ற பெயரில் கிடைக்கும் ரோமானியச் சமையல் நூலிலேயே ரொட்டியைப் பாலில் நனைத்துப் பொரித்துத் தேன் ஊற்றும் முறை இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு வைத்த பெயரின் பொருள் 'வீணாய்ப் போன ரொட்டி'. காய்ந்து இறுகிய ரொட்டியை எறிய மனமில்லாதவர்கள் கண்டுபிடித்த உணவு இது. பழைய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்த நம் பாட்டிகளுக்கு அந்த மனம் புரியும். இன்றைய கேசரோலுக்கோ மீந்த ரொட்டி போதாது. பிரியோஷ் என்றோ ஹாலா என்றோ விலை கூடிய முழு ரொட்டியைப் புதிதாக வாங்கி, அதை வெட்டி வைத்து வேண்டுமென்றே காயவிடச் சொல்கிறார்கள். ஒரு காலத்தில் வீட்டுக்காரியின் சிக்கனமாக இருந்தது, இன்று அவள் சனிக்கிழமையில் சேர்ந்த இன்னொரு வேலை.

ப்ரன்ச் என்ற சொல்லுக்கும் ஒரு பிறப்புக் கதை உண்டு. 1895ல் கை பெரிஞ்ஜர் என்ற ஆங்கிலேயர் 'ஹண்டர்ஸ் வீக்லி' இதழில் அதற்காக வாதாடி எழுதினார். சனிக்கிழமை இரவு கொண்டாடியவர்கள் ஞாயிறு அதிகாலையில் எழுந்திருக்க வேண்டாம், நண்பகல் வாக்கில் காலையுணவையும் மதியவுணவையும் சேர்த்து ஒரே விருந்தாக உண்ணலாம் என்பது அவர் கட்சி. நல்ல கட்சிதான். ஆனால் அவர்கள் எழும்போது மேசை நிறைந்திருக்க வேண்டுமென்றால் வேறொருத்தி முன்பே எழுந்திருக்க வேண்டும். அன்றைய இங்கிலாந்தின் வசதியான வீடுகளில் அது சமையல்காரி. இன்றைய நியூஜெர்சியில் அது மனைவி. தாமதமாக எழும் உரிமை ஒருவருக்குக் கிடைக்கும்போது, அதே வீட்டில் இன்னொருவருக்கு அலாரம் வைக்கப்படுகிறது.

அந்தக் கண்ணாடித் தட்டையும் விடுவதற்கில்லை. அமெரிக்க வீடுகளில் பைரெக்ஸ் இல்லாத அலமாரி குறைவு. கார்னிங் கிளாஸ் நிறுவனம் 1915ல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பு, அங்கே வேலை பார்த்த ஜெஸ்ஸி லிட்டில்டனின் மனைவி பெஸ்ஸி, தன் சமையல் பாத்திரம் உடைந்துபோன சலிப்பில், கணவரின் ஆய்வுக்கூடத்துக் கண்ணாடியைக் கொண்டுவரச் சொன்னார். பேட்டரி ஜாடியை அறுத்து எடுத்த அடிப்பாகத்தில் கேக் சுட்டுக் காட்டினார். இந்தக் கண்ணாடி சமையலுக்கு ஆகும் என்று நிறுவனத்துக்குப் புரிந்தது அப்போதுதான். காப்புரிமை இரண்டு ஆண் விஞ்ஞானிகளின் பெயரில் பதிவாயிற்று. பெஸ்ஸி செய்ததற்குப் பெயர் ஆராய்ச்சி இல்லை. வீட்டில் கேக் சுட்டார், அவ்வளவுதான்.

சாதனங்கள் வந்தால் பெண்ணின் வேலை குறையும் என்று நமக்குச் சொல்லப்பட்டது. ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற வரலாற்றாசிரியர் 1983ல் வெளியிட்ட 'மோர் வொர்க் ஃபார் மதர்' நூலில் அமெரிக்க வீடுகளின் கதையைப் பிரித்துக் காட்டினார். அடுப்பும் இயந்திரங்களும் மிச்சப்படுத்தியதில் பெரும்பங்கு, விறகு வெட்டுவது போன்ற ஆண்களின், பிள்ளைகளின் உழைப்பை. பெண்ணுக்கோ எதிர்பார்ப்பு உயர்ந்தது: துணி இன்னும் வெளுப்பாக, சாப்பாடு இன்னும் வகைவகையாக. கேசரோலும் அப்படித்தான். கல்லின் முன் நிற்கும் அரைமணி நேரத்திலிருந்து விடுவித்து, அதற்கு ஈடாக வியாழன் முதல் ஞாயிறு வரை ஒரு நூல்கட்டி இழுக்கிறது. வேலை குறையவில்லை. யாரும் பார்க்காத நேரத்துக்கு நகர்ந்துவிட்டது.

பார்க்க முடியாத இன்னொரு பகுதியும் உண்டு. அது தலைக்குள் நடப்பது. சமூகவியலாளர் ஆலிசன் டாமிங்கர் 35 தம்பதிகளிடம் பேசி 2019ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வீட்டு வேலையின் சிந்தனைப் பகுதியை அவர் நான்காகப் பிரித்தார்: தேவையை முன்கூட்டி உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, நடக்கிறதா என்று கண்காணிப்பது. முடிவெடுப்பதில் கணவர்கள் கூடவே இருந்தார்கள். முன்கூட்டி உணர்வதும் கண்காணிப்பதும் பெரும்பாலும் மனைவிகளின் தலையில். இதைப் படித்தபோது எங்கள் வீட்டு வியாழக்கிழமைகள் நினைவுக்கு வந்தன. "இந்த ஞாயித்துக்கிழமை எல்லாரையும் கூப்பிடலாமா?" என்று அவர் கேட்பார். சரி என்பேன். அவருக்கு அத்தோடு முடிந்தது. எனக்கு அங்கேதான் தொடங்கும்.

எனக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். கோவையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் ஐந்து வருடம் வேலை பார்த்தவள் நான். எச்-4 விசாவில் போனபோது சம்பாதிக்க அனுமதி இல்லை. 2015 மே மாதம் விதி மாறி, என்னைப் போன்ற சிலருக்கு, கணவரின் கிரீன் கார்டு வழக்கு ஒரு கட்டத்தைத் தாண்டியிருந்தால், வேலை அனுமதி கிடைத்தது. நான் சி.பி.ஏ. தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்தேன். அப்போது நான்கு தாள். ஒவ்வொன்றிலும் 75 எடுக்க வேண்டும். முதலில் தேறிய தாளிலிருந்து 18 மாதத்துக்குள் மற்ற மூன்றையும் முடிக்காவிட்டால் அது காலாவதி. இரண்டு தாள் தேறினேன். மூன்றாவது தேர்வு ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தைய சனிக்கிழமை இரவு பதினொன்றரை மணிக்கு நான் நான்கு குடும்பத்துக்கு ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தேன். கிடைத்தது 73. திரும்ப எழுதித் தேறுவதற்குள் முதல் தாளின் 18 மாதம் கடந்துவிட்டது.

அந்த இரண்டு மதிப்பெண்ணைக் கேசரோல் தின்றது என்று நான் சாதிக்கமாட்டேன். ஆனால் அப்படிப்பட்ட சனிக்கிழமை இரவுகள் ஒன்றல்ல. நாங்கள் 'எளிது' என்று சொல்லிக்கொண்ட ஒவ்வொன்றும் என் புத்தகத்திலிருந்து ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டது.

மறுப்புகள் எனக்குத் தெரியும். அன்பினால் செய்வதற்குக் கணக்கு பார்க்கலாமா? பார்க்கலாம். அன்புதான் காரணம் என்றால், அந்த அன்பு ஏன் எப்போதும் ஒரே ஆளை ஆறரை மணிக்கு எழுப்புகிறது? இப்போது ஆண்களும்தான் சமைக்கிறார்களே? சமைக்கிறார்கள், ஞாயிறு காலை பான்கேக்கைத் தூக்கிப்போட்டுப் பிடித்து, குழந்தைகள் கைதட்ட, படமும் எடுத்துக்கொள்கிறார்கள். மாவும் முட்டையும் வீட்டில் இருந்தது எப்படி என்று அந்தப் படத்தில் தெரியாது.

அப்படியானால் வெளியே போய்ச் சாப்பிடுங்களேன் என்பது மூன்றாவது. அமெரிக்க உணவகங்களில் பரிமாறுகிறவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். டிப்ஸ் வாங்குகிற தொழிலாளிக்கு முதலாளி தர வேண்டிய குறைந்தபட்சக் கூலி, மத்தியச் சட்டப்படி, மணிக்கு 2.13 டாலர், 1991லிருந்து அது ஏறவில்லை. கூட்டித் தருகிற மாநிலங்களும் உண்டு, தராதவையும் உண்டு. என் ஞாயிற்றுக்கிழமையை மீட்க நான் இன்னொருத்தியின் ஞாயிற்றுக்கிழமையை மலிவாக வாங்கினால், அதற்கு விடுதலை என்று பெயர் வைக்க எனக்கு வாய் வரவில்லை.

அதனால் நான் கேட்டது உதவியை அல்ல. "ஏதாவது ஹெல்ப் வேணுமா?" என்று கேட்பவருக்கு வேலை சொல்வதே ஒரு வேலை. வியாழக்கிழமை யோசனையிலிருந்து கருகிய சர்க்கரை சுரண்டுவது வரை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கூப்பிடாதீர்கள் என்றேன். ஒரு மாதம் யாரையும் கூப்பிடவில்லை. அடுத்த மாதம் அவர் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை ரொட்டி வாங்க மறந்து, சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குக் கடைக்கு ஓடினார். "முட்டை எத்தனைம்மா?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. செய்முறை அலமாரியில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் படித்தேன். ரொட்டி காயாததால் மறுநாள் கேசரோல் நடுவில் சொதசொதவென்று இருந்தது. எல்லோரும் சாப்பிட்டார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் எட்டரைக்கு எழுந்திருந்தேன். அந்தக் கண்ணாடித் தட்டு தொட்டியில் திங்கட்கிழமை மாலை வரை கிடந்தது. கை துறுதுறுத்தது உண்மை. ஆனாலும் நான் தொடவில்லை. கழுவியது அவர்.

கல்லூரியில் படிக்கும் பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 'சுலபம்', 'முன்கூட்டியே செய்யலாம்', 'பதினைந்தே நிமிடம்' என்று எதைப் படித்தாலும், அது யாருடைய இரவு என்று கேளுங்கள். இரவே மாவு ஆட்டிவைத்த அம்மாவைப் பற்றியும் இதே கேள்வியைக் கேட்கலாம். கேட்டபின் அடுத்த முறை ரொட்டியை யார் வெட்டுவது என்பதை, விருந்துக்கு அழைப்பதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.