பொம்மைக் கார் விற்பதிலும் பொறுப்பு வேண்டும்!

மளிகைக் கடைக்காரருக்குப் பொம்மை ஒரு பெரிய சரக்கு அல்ல. அரிசி, பருப்பு, எண்ணெய் என்று பணம் புரளும் இடத்தில், கல்லாவுக்கு மேலே கம்பியில் தொங்கும் பத்துப் பதினைந்து பொம்மைக் கார்களை யார் கணக்கில் வைக்கிறார்கள்? லைன் வண்டி வருகிறது. ஓர் அட்டையை மாட்டிவிட்டுப் போகிறது. விற்றால் லாபம், விற்காவிட்டால் தூசி. சமயநல்லூரில் கடை வைத்திருக்கும் நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன். அந்தச் சின்னச் சரக்கு எனக்கு ஒரு பெரிய பாடம் கற்பித்தது. அதை நம் சங்க உறுப்பினர்கள் முன் வைப்பது என் கடமை என்று எண்ணுகிறேன்.

எங்களிடம் மாதச் சாமான் வாங்கும் வீடு ஒன்று. தேனூர்ப் பக்கத்துக் குடும்பம். சிட்டையைக் கொடுத்துவிட்டுப் போனால் மூட்டை கட்டி வைப்போம். பாக்கி என்று ஒரு நாளும் நின்றதில்லை. ஒருமுறை அந்த வீட்டுச் சிறுவன் அழுதான் என்று 15 ரூபாய்க்கு ஒரு காரை எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் காலையில் அந்தத் தாய் வந்து, மூன்று சக்கரத்தோடு அந்தக் காரைக் கல்லா மேல் வைத்தார். நான்காவது சக்கரத்தைக் குழந்தையின் வாயிலிருந்து விரலை விட்டு எடுத்திருக்கிறார்கள். "அண்ணாச்சி, உங்க பேரப்பிள்ளைக்கு இதைக் கொடுப்பீங்களா?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்கவில்லை. அடுத்த மாதம் சிட்டையும் வரவில்லை.

குழந்தைக்கு ஒன்றும் ஆகாதது தெய்வாதீனம். 15 ரூபாய்ப் பொருளில் எனக்குக் கிடைத்த லாபம் நான்கு ரூபாய். அதற்காக நான் இழந்தது ஒரு வீட்டின் நம்பிக்கை.

"மலிவுச் சரக்கைத்தானே ஜனங்கள் கேட்கிறார்கள்?" என்று சிலர் சொல்லலாம். உண்மையில் கேட்பது குழந்தை. பணம் கொடுப்பது அப்பா. இருவருக்கும் பிடித்த பொருள் எது என்று நாம் யோசித்ததே இல்லை. நம் சிறு வயதை நினைத்துப் பாருங்கள். நுங்கு தின்றபின் மிஞ்சும் பனங்காய்க் கூடு இரண்டு. நடுவே ஒரு குச்சி. தள்ளுவதற்கு ஒரு கவைக் கம்பு. அதுதான் நம் வண்டி. காசு செலவில்லை. ஆனால் குச்சியைச் சீவி, சக்கரம் கழலாமல் செருகிக் கொடுத்தவர் அப்பாவோ, மாமாவோ, தாத்தாவோதான். பெரியவர் கையும் சிறியவர் ஓட்டமும் சேர்ந்ததால்தான் அந்த வண்டி இன்றும் நம் நினைவில் ஓடுகிறது.

நல்ல பொம்மைக் காருக்கும் இலக்கணம் அதுவே. வெளிநாட்டில் பேர்பெற்ற 'மேட்ச்பாக்ஸ்' கார்கள் பிறந்த கதையைக் கேளுங்கள். லண்டனில் லெஸ்னி என்ற நிறுவனத்தின் பங்காளியான ஜாக் ஓடல் என்பவரின் மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டுமே கொண்டுவரலாம் என்று விதி. தகப்பன் உட்கார்ந்து பித்தளையில் ஒரு குட்டி ரோடு ரோலரைச் செய்து கொடுத்தார். மற்றப் பிள்ளைகளும் கேட்டார்கள். 1953-இல் அது வியாபாரமாயிற்று. அமெரிக்காவின் மேட்டல் நிறுவனம் 1968-இல் 'ஹாட் வீல்ஸ்' கார்களைக் கொண்டுவந்தது. இன்று நம் ஊர்களிலும் அவற்றைப் பிள்ளை பெயரைச் சொல்லி வாங்கி, அலமாரியில் அடுக்கி வைக்கும் அப்பாக்கள் உண்டு.

நம் நாட்டுச் சரக்கிலும் குறைவில்லை. சென்டி போன்ற இந்திய நிறுவனங்கள் அம்பாசடர், ஆட்டோ, லாரி, பேருந்து எல்லாவற்றையும் பின்னுக்கு இழுத்துவிட்டால் ஓடும் பொம்மைகளாகச் செய்கின்றன. அம்பாசடர் கார் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. இன்றைய பிள்ளைக்கு அது புதுமை. அப்பாவுக்கோ கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வந்த கார். "இதில்தான் உங்க அம்மாவை அழைத்து வந்தோம்" என்று அவர் சொல்லத் தொடங்கினால் பேரம் அங்கேயே முடிந்துவிடும். பேட்டரி காரைச் சிறுவன் சும்மா பார்த்துக்கொண்டிருப்பான். பின்னிழுத்து விடும் காருக்கோ இந்த முனையில் ஒருவர், அந்த முனையில் ஒருவர் வேண்டும். நடுக்கூடத்தில் அப்பா தரையில் உட்கார்ந்துவிடுவார்.

மரத்தில் வேண்டுமானால், பெங்களூரு - மைசூரு சாலையில் உள்ள சென்னப்பட்டணத்துக் கடைசல் வண்டிகள் இருக்கின்றன. மரத்தைக் கடைந்து அரக்குச் சாயம் ஏற்றுகிறார்கள். புவிசார் குறியீடு பெற்ற சரக்கு.

சரி, கொள்முதலில் எதைப் பார்ப்பது? நான் இப்போது கடைப்பிடிக்கும் முறை எளியது. முதலில் சக்கரத்தைப் பிடித்து நன்றாக இழுத்துப் பார்க்கிறேன். கையோடு வந்தால் அட்டையையே திருப்பி அனுப்பிவிடுகிறேன். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கான பொம்மையில், சுமார் 32 மில்லிமீட்டர் வாயுள்ள குழலுக்குள் அடங்கிவிடும் உதிரி எதுவும் இருக்கக்கூடாது என்பது தர விதி. நம் பத்து ரூபாய் நாணயத்தின் அகலம் 27 மில்லிமீட்டர். நாணயத்தை விடச் சிறிய சக்கரம் கழலும் என்றால் அதைக் கைக்குழந்தை வீட்டுக்குக் கொடுக்கவே கூடாது. அடுத்து விளிம்பை விரலால் தடவுகிறேன்; கீறினால் வேண்டாம். பிறகு கல்லாப் பலகையில் ஓட்டிப் பார்க்கிறேன். நேராக ஓடாத காரை எந்த அப்பாவும் இரண்டாம் முறை ஓட்டமாட்டார்.

கடைசியாக ஐ.எஸ்.ஐ. முத்திரை. இதில் பலருக்கு இன்னும் அலட்சியம் இருக்கிறது. 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மைகள், உள்நாட்டுச் சரக்கானாலும் இறக்குமதியானாலும், இம்முத்திரையோடுதான் விற்கப்பட வேண்டும். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்பவற்றுக்கும், புவிசார் குறியீட்டுப் பொருள்களுக்கும் விலக்கு உண்டு. முத்திரைக்குக் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அந்த எண்ணைப் போட்டால், அது உண்மையா என்று கைப்பேசியிலேயே தெரிந்துவிடும். முத்திரையில்லாச் சரக்கைச் செய்தவர் மட்டுமல்ல, விற்றவரும் சட்டத்தின் முன் பொறுப்பாளி. "லைன் வண்டிக்காரர் கொடுத்தார்" என்ற பதில் அங்கே செல்லாது. பில் இல்லாத சரக்கை வாங்காதீர்கள்.

"நல்ல சரக்கு விலை கூட. முதல் முடங்குமே?" என்பது நியாயமான கேள்வி. முப்பது மட்டமான காருக்குப் போடும் முதலில் ஏழெட்டு நல்ல கார்கள் வாங்கலாம். எண்ணிக்கை குறையும், ஆனால் திரும்பி வரும் சரக்கும் குறையும். வரியிலும் வழி பிறந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் மின்னணு அல்லாத பொம்மைகளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அந்தக் குறைவை நாம் விலையில் காட்டினால் வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெரிய பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் கார் பெட்டிக்குள் அடைபட்டிருக்கும். நம் கடையிலோ பலகை மேல் ஓட்டிக் காட்டலாம்; "இது மூணு வயசுக்கு மேலதான் தம்பி, கைக்குழந்தைக்கு அந்த மர வண்டியைக் கொண்டு போ" என்று எடுத்துச் சொல்லலாம். குடும்பத்தையும் குழந்தையின் வயதையும் அறிந்து விற்பவன் சிறு வணிகன் ஒருவனே. நமக்கு இருக்கும் அந்த ஒரு பலத்தையும் 15 ரூபாய் அட்டைக்கு நாம் விற்றுவிடலாமா?

எனவே நம் சங்கத்துக்கு ஒரு யோசனை. சித்திரைத் திருவிழாவும் பள்ளி விடுமுறையும் பொம்மை விற்கும் காலம். அதற்கு முன்பாக, விருப்பமுள்ள உறுப்பினர்கள் பத்துப் பேர் சேர்ந்து, முத்திரையும் பில்லும் உள்ள சரக்கை மொத்தமாகத் தருவித்துப் பங்கிட்டுக் கொள்ளலாம். ஒரு கடைக்கு ஒரு பெட்டி எடுக்க முடியாது. பத்துக் கடைக்கு முடியும். அடுத்த கூட்டத்தில் இதை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்தத் தேனூர்க் குடும்பம் இன்றும் வேறு கடையில்தான் சாமான் வாங்குகிறது. வழியில் பார்த்தால் அந்தத் தாய் வணக்கம் சொல்கிறார், அவ்வளவுதான். அவர் கேட்ட கேள்வியை மட்டும் நான் விடவில்லை. இப்போது ஒவ்வோர் அட்டையை மாட்டும்போதும் அதை எனக்கு நானே கேட்டுக்கொள்கிறேன். நீங்களும் கேட்டுப் பாருங்கள்.