பேத்திக்குத் தாத்தா வைத்த பணம்

ஆவணி மாதக் கடைசியில் என் நாத்தனார் மகளோடு வந்து நாலு நாள் தங்கியிருந்தாள். அவள் கணவர் காலமாகி மூன்று வருஷமாகிறது. இப்போது மாமனாரும் போய்விட்டார். போகுமுன் உயில் எழுதி, பேத்திக்கென்று 7 லட்ச ரூபாய் வைத்திருக்கிறார். பெண்ணுக்குப் பதினெட்டு வயது முடிகிறவரை பணம் தாயின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். பெண்ணுக்கு இப்போது பதினைந்து.

ராத்திரி சாப்பாடு முடிந்து, மறுநாளைக்குக் கீரை ஆய்ந்துகொண்டே மெதுவாக ஆரம்பித்தாள்.

"அண்ணி, எங்க கொழுந்தனார் அந்தப் பணத்தைத் தன் கடையிலே போடச் சொல்றார். மாசம் நூத்துக்கு ரெண்டு வட்டி தர்றேங்கறார். எனக்கு மாட்டேன்னு சொல்லவும் வாய் வரல்லே."

மாதம் ரெண்டு என்றால் வருஷத்துக்கு இருபத்துநாலு. கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. எங்கப்பாவும் இப்படி இனிப்பாகக் கேட்டுத்தான், என் கல்யாணத்துக்கென்று சேர்த்ததை 1990களில் ஒரு பைனான்ஸ் கம்பெனியில் போட்டார். ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் பூட்டு தொங்கியது. அந்நாளில் எத்தனை வீட்டில் அப்படி அழுதார்களோ, 1997-ல் டெபாசிட்தாரர்களைக் காப்பாற்ற என்றே தமிழ்நாட்டில் ஒரு சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று.

"கொழுந்தனார் நல்லவராகவே இருக்கட்டும். கடை நொடிச்சா நீ அவர் வாசல்லே போய் நிக்க முடியுமா? சொந்தமும் போகும், பணமும் போகும்" என்றேன்.

"அப்போ என் பேர்லயே பாங்கிலே போட்டுடறேன். அதுதான் சுலபம்."

அதுவும் கூடாது. நம் பேரில் போட்டால் நம் பணத்தோடு கலந்துவிடும். ஒரு அவசரத்துக்கு நாமே கை வைத்துவிடுவோம். நமக்கு ஒன்று ஆகிவிட்டால், அது யார் பணம் என்று பத்து பேர் பேசுவார்கள். கணக்கு பெண் பேரில் இருக்க வேண்டும், தாய் கார்டியனாகக் கையெழுத்துப் போட வேண்டும். "அம்மா கார்டியனா இருக்க முடியுமா?" என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். எழுத்தாளர் கீதா ஹரிஹரன் மகன் பேரில் ரிசர்வ் பாங்க் பத்திரம் வாங்கப் போனபோது தகப்பனார் கையெழுத்தைத்தான் கேட்டார்கள். அவர் கோர்ட்டுக்குப் போனார். 1999-ல் சுப்ரீம் கோர்ட் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. என் நாத்தனாருக்கோ கணவரே இல்லை, கேள்விக்கே இடமில்லை.

சரி, எந்த பாங்க்? ஒரு பாங்க் மூழ்கினால் டெபாசிட் இன்ஷூரன்ஸ் உண்டு. 2020 பிப்ரவரியிலிருந்து ஒருவருக்கு ஒரு பாங்கில் 5 லட்சம் வரை கிடைக்கும். அந்த 5 லட்சம் அசலும் வட்டியும் சேர்த்து என்பதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. ஒரே பாங்கின் நாலு கிளையில் பிரித்துப் போட்டாலும் ஒன்றாகக் கூட்டித்தான் கணக்கு. தாயின் சொந்தக் கணக்கை மட்டும் இதில் சேர்க்கமாட்டார்கள். நிதி கம்பெனிக்கும் தெருமுனை கூட்டுறவு கடன் சங்கத்துக்கும் இந்த இன்ஷூரன்ஸ் கிடையாது, பலகையில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

ஆகவே ஏழையும் ஒரே இடத்தில் வைக்க வேண்டாம் என்றேன். மூன்றரை லட்சம் பாங்கில் மூன்று வருஷ பிக்ஸட் டெபாசிட். வட்டி ஏறினாலும் ஐந்துக்குள் நிற்கும். மீதி தபால் ஆபீஸ் மூன்று வருஷ டெபாசிட்டில். அதற்கு அரசாங்கமே பொறுப்பு, 5 லட்சம் என்ற வரம்பெல்லாம் இல்லை. அரசாங்கம் மூன்று மாதத்துக்கொரு முறை வட்டியை மாற்றினாலும், போட்ட அன்றைய வட்டிதான் கடைசிவரை.

"செல்வமகள் திட்டத்திலே வட்டி ஜாஸ்தியாமே?" என்றாள். பத்து வயசுக்குள் ஆரம்பித்திருக்க வேண்டும். இந்தப் பெண்ணுக்கு அது கடந்துபோன பஸ்.

வட்டியைத் தாயின் வருமானத்தோடு சேர்த்துத்தான் வருமான வரி பார்ப்பார்கள். அதனால் பான் கார்டு எடுத்துப் போகச் சொன்னேன். படிப்புக்கென்று எப்போதாவது எடுத்தால் தேதி, தொகை, ரசீது எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைக்கவும் சொன்னேன். நாளைக்குப் பெண்ணே கேட்டால் காட்டலாமே!

இதற்குள் அவள் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். "அத்தை, அது என் பணமா, அம்மா பணமா?"

"உன் பணம்தான். அம்மா காவல்."

அப்படியானால் அவளும் பாங்குக்கு வரட்டும் என்று திங்கட்கிழமை மூன்று பேருமாகப் போனோம். பத்து வயது நிரம்பிய பிள்ளைகள் தாங்களே சேவிங்ஸ் கணக்கை நடத்தலாம் என்று ரிசர்வ் பாங்க் 2025-ல் மறுபடி தெளிவுபடுத்தியிருக்கிறது. எவ்வளவு வரை என்பது அந்தந்த பாங்கின் முடிவு. அவள் பேரில் சின்னதாக ஒரு கணக்கு ஆரம்பித்து ஐந்நூறு ரூபாய் போட்டாள். சலானை அவளே நிரப்பினாள். எழுத்தில் எழுதும்போது 'ஐநூறா, ஐந்நூறா' என்று என்னைக் கேட்க, எனக்கே ஒரு நிமிஷம் குழம்பிவிட்டது! பெரிய டெபாசிட்டுக்கு, பதினெட்டு முடிந்ததும் வந்து புதுக் கையெழுத்துக் கொடுக்க வேண்டும் என்றார் கவுன்டரில் இருந்தவர். பெண் அதைப் பாஸ்புக்கின் பின்பக்கம் குறித்துக்கொண்டாள்.

திரும்பி வரும்போது நாத்தனாருக்கு இருந்த ஒரே கவலை, கொழுந்தனாருக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான்.

"உயில்லே என் பொறுப்புன்னு எழுதியிருக்கு, மீற முடியாதுன்னு சொல்லு. பொய் இல்லையே."

அப்படியே சொல்லியிருக்கிறாள். இரண்டு வாரம் பேசவில்லையாம். அப்புறம் பெண் வைத்த கொலுவுக்குக் குடும்பத்தோடு வந்து சுண்டல் சாப்பிட்டுவிட்டுப் போனாராம்.